மாற்றுக் குறைந்த பேரரசு

(ரோமின் நெருக்கடிக் காலக் காசுகள் பற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

கி.பி. 260ஆம் ஆண்டின் கடைசியில் எகிப்தின் ஆக்சிரிங்கஸ் நகரில் காசு மாற்றும் கடைக்காரர்கள் கடையைச் சாத்திவிட்டார்கள். புதுப் பேரரசர்களின் காசை வாங்க அவர்களுக்கு விருப்பமில்லை. முறையீடு மாவட்ட அதிகாரி அவுரேலியஸ் தொலெமாயஸிடம் போனது. கடைகளைத் திறக்க வேண்டும், அப்பட்டமான கள்ளக்காசு தவிர மற்றெல்லாக் காசையும் வாங்கி மாற்றித் தர வேண்டும், கடைக்காரர் மட்டுமன்றி ஊரில் கொடுக்கல் வாங்கல் செய்யும் எவரும் இதற்குக் கட்டுப்பட வேண்டும், மீறினால் ஆளுநர் விதித்த தண்டனை உண்டு என்று அவர் ஆணை போட்டார். அந்த ஆணை எழுதிய பாப்பிரஸ் தாள் ஆக்சிரிங்கஸின் குப்பைமேட்டில் கிடந்தது. கிரென்ஃபெல், ஹன்ட் என்ற இரு ஆங்கிலேய அறிஞர்கள் அந்த மேட்டைத் தோண்டி எடுத்த தாள்களின் வரிசையில், 1916இல் அது அச்சேறியது.

யார் அந்தப் புதுப் பேரரசர்கள்? மக்ரியானஸ், குவியேட்டஸ் என்ற அண்ணன் தம்பி. அவ்வாண்டு எதெஸ்ஸா அருகே ரோமப் பேரரசன் வலேரியன் பாரசீக மன்னன் ஷாபூரிடம் உயிரோடு பிடிபட்டான். ரோமப் பேரரசன் ஒருவன் பகைவனிடம் சிறைப்பட்டது அதுவே முதல் முறை. ஈரானில் நக்ஷ்-இ-ருஸ்தம் பாறையில் ஷாபூர் அதைச் சிற்பமாகவே செதுக்கி வைத்தான். வலேரியனின் கருவூலத்தைக் கவனித்துவந்த அதிகாரிக்கும் மக்ரியானஸ் என்றுதான் பெயர். கால் ஊனம் காரணமாக அவன் தான் அரியணை ஏறாமல் இரண்டு மகன்களையும் ஏற்றினான். அடுத்த ஆண்டுக்குள் மூவரும் கொல்லப்பட்டார்கள். காசுக்கடைக்காரர்கள் வியாபாரக் கணக்கைச் சரியாகத்தான் போட்டிருந்தார்கள்.

235இல் செவெரஸ் அலெக்சாண்டர் தன் படைவீரர்கள் கையாலேயே மடிந்தது முதல் 284இல் டயோக்ளீஷியன் பட்டம் ஏறியது வரையிலான ஐம்பது ஆண்டுகளை வரலாற்றாசிரியர்கள் மூன்றாம் நூற்றாண்டு நெருக்கடி என்கிறார்கள். இருபதுக்கு மேற்பட்ட பேரரசர்கள் வந்துபோனார்கள். போட்டி அரசர்களைச் சேர்த்தால் கணக்கு இன்னும் நீளும். எல்லைப் போர், கொள்ளைநோய், மேற்கே கால் (Gaul) நாடும் கிழக்கே பல்மைராவும் பிரிந்துபோனது என்று அந்த அரை நூற்றாண்டில் இல்லாத துன்பம் இல்லை. அதை எழுதிவைத்த நூல்களோ அரைகுறை. சில பிற்காலத்தவை, சில புளுகு மூட்டை. எஞ்சியிருக்கும் சாட்சிகளில் எண்ணிக்கையில் பெரியது காசு. இந்தக் காலக் காசுகளைச் சேகரிப்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அவர்கள் கையிலிருக்கும் காசு எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதே இவ்வுரையின் பொருள்.

உலோகத்திலிருந்து தொடங்கலாம். 215இல் பேரரசன் கரகல்லா ஒரு புதிய வெள்ளிக் காசை வெளியிட்டான். அந்தோனினியானஸ் என்பது பிற்கால அறிஞர் அதற்கு இட்ட பெயர். காசில் பேரரசன் தலையில் சூரியக் கதிர்கள் போன்ற முடி இருப்பதால் சேகரிப்பாளர்கள் கதிர்முடிக் காசு என்பார்கள். ரோமின் பழைய வெள்ளிக் காசான டெனாரியஸ் இரண்டுக்குச் சமம் என்று அது புழக்கத்துக்கு வந்ததாகப் பெரும்பாலான அறிஞர்கள் கருதுகிறார்கள். உள்ளே இருந்த வெள்ளியோ ஏறக்குறைய ஒன்றரை டெனாரியஸ் அளவே. எடை சுமார் 5 கிராம், அதில் பாதி வெள்ளி, பாதி செம்பு. படைவீரர் சம்பளத்தைக் கூட்டியவனும் கரகல்லாதான். கூட்டிய சம்பளத்துக்கு வெள்ளி எங்கிருந்து வரும்? அவனுக்குப் பின் வந்த ஒவ்வொரு பேரரசனும் பட்டமேறும்போது படைக்கு அன்பளிப்புத் தர வேண்டியிருந்தது. ஆண்டுக்கு ஒருவன் பட்டமேறினால் ஆண்டுக்கு ஓர் அன்பளிப்பு. கல்லியேனஸ் ஆண்ட 260களில் மாற்று மளமளவென்று இறங்கி, இரண்டாம் கிளாடியஸ் காலத்தில், 268க்கும் 270க்கும் இடையில், நூற்றுக்கு மூன்று பங்கு வெள்ளிகூடத் தேறாத நிலைக்கு வந்தது.

இருந்தும் காசு பளபளத்தது. செம்பு மிகுந்த வில்லையை அமிலத்தில் ஊறப்போட்டால் மேற்பரப்பிலுள்ள செம்பு கரைந்து வெள்ளி மட்டும் தோல்போல் நிற்கும். அதன் மேல் அச்சை அறைந்தால் பார்வைக்கு அசல் வெள்ளி. நாலு கை மாறினால் ஓரங்களில் செம்பு பல்லிளிக்கும். இன்று அந்த வெள்ளித் தோல் உரியாத காசுக்குச் சந்தையில் கூடுதல் விலை. பேரரசின் ஏமாற்று வேலை எவ்வளவு நன்றாகப் பிழைத்திருக்கிறதோ அவ்வளவு மதிப்பு!

மாற்று குறைந்தால் விலைவாசி உடனே எகிறும் என்பது பலரும் சொல்லும் பாடம். எகிப்தின் பாப்பிரஸ் கணக்குகள் அதை அப்படியே ஒப்புக்கொள்வதில்லை. வெள்ளி கரைந்துகொண்டிருந்த பல பத்தாண்டுகளில் விலைகள் பெரிதாக ஏறவில்லை. 274–275 வாக்கில்தான் ஒரேயடியாகப் பத்து மடங்கு போலத் தாவின. ரோமில் பேரரசன் அவ்ரேலியன் நாணயச் சீர்திருத்தம் செய்தது அதே சமயத்தில். அதாவது, அரசு காசை அதன் முகமதிப்புக்கே திரும்ப வாங்கிக்கொள்ளும் என்ற நம்பிக்கை இருந்தவரை மட்டமான காசும் ஓடியது. அரசே மதிப்பை மாற்றியெழுதியபோது கட்டு அறுந்தது. ஆக்சிரிங்கஸ் கடைக்காரர்கள் அந்த நம்பிக்கையை மற்றவர்களுக்குப் பதினைந்து ஆண்டு முந்தியே கைவிட்டவர்கள் என்று கொள்ளலாம்.

அவ்ரேலியனின் சீர்திருத்தத்துக்கு முன்கதை ஒன்று உண்டு. 271 வாக்கில் ரோம நகர அக்கசாலைத் தொழிலாளர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். அவர்களுக்குத் தலைமை வகித்தவன் ஃபெலிசிசிமஸ் என்ற நிதி அதிகாரி. அரசு இறக்கிய மாற்றுக்கும் கீழே இவர்கள் தம் பங்குக்கு இறக்கி வெள்ளியைத் திருடினார்கள் என்பது குற்றச்சாட்டு. கேலியஸ் குன்றில் நடந்த சண்டையில் படைவீரர் 7,000 பேர் இறந்ததாக வரலாற்றாசிரியர் அவுரேலியஸ் விக்டர் எழுதுகிறார். எண்ணை அப்படியே நம்ப முடியாவிட்டாலும் கைகலப்பு சிறியதல்ல. மூன்று ஆண்டு கழித்து வந்த புதுக்காசின் அடியில் ரோம எண்ணில் இருபத்தொன்று என்று பொறித்தார்கள். இருபது பங்கு செம்புக்கு ஒரு பங்கு வெள்ளி என்பதற்கான உத்தரவாதம் அது என்று பெரும்பாலோர் கொள்கிறார்கள். சோதித்த காசுகளில் ஏறத்தாழ ஐந்து விழுக்காடு வெள்ளி இருப்பதும் இதற்கு ஒத்துப்போகிறது. கலப்படத்தின் அளவைக் காசின் மேலேயே அச்சடித்த நேர்மை வேறு எந்த அரசுக்கும் எளிதில் வராது.

காசின் மாற்று தெரிந்தவர்கள் ரோமுக்கு வெளியேயும் இருந்தார்கள். கொங்கு நாட்டுப் புதையல்களில் அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்து நல்ல வெள்ளி டெனாரியஸ்கள் குவியலாய்க் கிடைத்துள்ளன. புதுக்கோட்டையில் 1898இல் வெளிப்பட்ட புதையலில் பொற்காசுகள் 501. அவற்றில் பெரும்பாலானவற்றில் பேரரசன் முகத்தின் குறுக்கே உளியால் வெட்டியிருக்கிறது. பிறகு நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுச் சிறு செப்புக்காசுகள் மதுரையிலும் கரூரிலும் இலங்கையிலும் ஏராளம். இடைப்பட்ட நெருக்கடிக் காலக் கதிர்முடிக் காசு இங்கே அரிது. இந்தியாவில் கிடைத்த ரோமக் காசுகளை 1904இல் பட்டியலிட்ட ராபர்ட் சூவெல், கரகல்லாவுக்குப் பின் வணிகமே ஏறக்குறைய நின்றுபோனது என்று முடிவு கட்டினார். அது சற்று மிகை. வணிகம் மெலிந்தது ஒரு காரணமென்றால், எடைபோட்டு வாங்கும் வணிகன் செம்பை வெள்ளி விலைக்கு வாங்கமாட்டான் என்பது இன்னொன்று.

உலோகம் இப்படியிருக்க, அதன் மேலிருந்த சொற்கள் வேறு கதை பேசின.

238ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அந்த ஓராண்டில் மட்டும் ஆறு பேரரசர்கள். ஆப்பிரிக்காவில் கோர்டியன் தந்தையும் மகனும் மூன்று வாரம் ஆண்டு மடிந்தபின், செனட் சபை பூப்பியேனஸ், பால்பீனஸ் என்ற இரண்டு மூத்த உறுப்பினர்களைச் சம அதிகாரத்துடன் அரியணை ஏற்றியது. இருவருக்கும் ஆகாது. அவர்கள் வெளியிட்ட கதிர்முடிக் காசின் பின்பக்கத்தில் இரண்டு வலக்கைகள் இறுகப் பற்றிக்கொண்டிருக்கின்றன. சுற்றிலும் பேரரசர்களின் பரஸ்பர அன்பு, பரஸ்பர நம்பிக்கை, பரஸ்பர பாசம் என்று லத்தீனில் வகைவகையாய் எழுத்து. காவற்படை அரண்மனைக்குள் புகுந்த நாளில் பூப்பியேனஸ் தன் ஜெர்மானியக் காவலர்களை அழைக்கச் சொன்னான். தன்னைக் கொல்லத்தான் அழைக்கிறான் என்று பால்பீனஸ் தடுத்தான். இவர்கள் வாக்குவாதம் முடிவதற்குள் காவற்படையினர் இருவரையும் தெருவில் இழுத்துப்போய்க் கொன்றார்கள் என்கிறார் அக்காலத்து வரலாற்றாசிரியர் ஹெரோடியன். ஆட்சி மூன்று மாதம். கைகுலுக்கும் காசுகள் இன்றும் ஏலத்துக்கு வருகின்றன.

அதே கைகள் முப்பது ஆண்டு கழித்து மீண்டும் வந்தன. 260இல் போஸ்டுமஸ் என்ற தளபதி கால் நாட்டையும் பிரிட்டனையும் பிரித்துத் தனிப் பேரரசாக ஆளத் தொடங்கினான். 269இல், பிடிபட்ட மைன்ஸ் நகரைக் கொள்ளையடிக்க அனுமதிக்காததால் அவன் படையே அவனைக் கொன்றது. அடுத்து வந்தவன் மாரியஸ், கொல்லன் என்று நூல்கள் சொல்கின்றன. அவன் காசில் பற்றிய கைகளோடு படைவீரர்களின் ஒற்றுமை என்று பொறித்திருக்கிறது. அவன் இரண்டே நாள் ஆண்டான் என்று ஒரு நூலும், மூன்று நாள் என்று இன்னொரு நூலும் கூறும். காசு இதை மறுக்கிறது. அவன் பெயரில் வெட்டிய அச்சுகள் அத்தனை உண்டு, கிடைத்த காசுகளும் அத்தனை. மூன்று நாளில் அவ்வளவு அடிக்க எந்த அக்கசாலையாலும் முடியாது, சில மாதங்களாவது ஆண்டிருக்க வேண்டும். பழைய பட்டறைக் கூட்டாளி ஒருவன் அவனைக் குத்தினான், குத்திய வாளும் மாரியஸே அடித்தது என்ற கதையைக் காசால் சோதிக்க வழியில்லை. கதை நன்றாக இருப்பதாலேயே சந்தேகப்பட வேண்டியது அது.

எது இல்லையோ அதையே காசு உரக்கச் சொன்னது. கொள்ளைநோய் பரவிய 251–253இல் ட்ரெபோனியானஸ் காலஸ் நோய் தீர்க்கும் அப்பல்லோவைப் பொறித்தான். கல்லியேனஸ் தன் கடைசி ஆண்டுகளில், மான், சிறுத்தை, இறகுக் குதிரை, குதிரையுடல் மனிதன், கடற்குதிரை என்று ஒரு மிருகக்காட்சிச் சாலையையே வெளியிட்டான். ஒவ்வொன்றும் ஒரு தெய்வத்துக்குரிய விலங்கு, ஒவ்வொரு தெய்வமும் பேரரசனின் காவலர் என்று எழுத்து. ரோம அக்கசாலையின் பட்டறைகள் விலங்குகளைப் பங்கிட்டுக்கொண்டன. காசின் அடியிலுள்ள எழுத்தை வைத்து எந்தப் பட்டறை எதை அடித்தது என்று கண்டுபிடிக்கலாம். சேகரிப்பாளர்களுக்கு இந்த வரிசையை முழுமையாக்குவது தீராத வெறி. அத்தனை தெய்வங்களும் காத்தும் 268இல் மிலான் முற்றுகையின்போது அவனைச் சொந்தத் தளபதிகளே கொன்றார்கள்.

பொய் சொல்லத் தயங்கிய காசும் உண்டு. 270இல் பல்மைராவின் அரசி செனோபியா தன் சிறுவயது மகன் வபலாத்தஸின் பெயரில் கிழக்கை ஆண்டாள். அந்தியோக்கியாவில் அடித்த காசில் ஒரு பக்கம் அவ்ரேலியன் கதிர்முடியோடு, மறுபக்கம் வபலாத்தஸ் இலைமாலையோடு. அவ்ரேலியனுக்கே பேரரசன் பட்டம், பையனுக்கு அடுத்த நிலைப் பட்டங்கள். பணிவாகத்தான் தெரிகிறது. ஆனால் பட்டறை எழுத்து அவ்ரேலியன் தலைக்குக் கீழே இருக்கிறது. அந்த எழுத்து வழக்கமாகக் காசின் பின்பக்கத்தில் வருவது. அப்படியானால் முன்பக்கம் யாருடையது? 272இல் பையன் பேரரசன் என்றே காசடித்தான். அவ்வாண்டிலேயே அவ்ரேலியனின் படை வந்தது.

இந்தக் காசுகள் நெடுங்காலம் மதிப்பாரற்றுக் கிடந்தன. 1354இல் மான்டுவாவில் கவிஞர் பெட்ரார்க் தம் சேகரிப்பிலிருந்து பழங்காசுகள் சிலவற்றைப் புனித ரோமப் பேரரசின் மன்னர் நான்காம் சார்லஸுக்குக் கொடுத்து, இவர்களைப்போல் ஆளக் கற்றுக்கொள் என்றார். பரிசளிக்கத் தகுந்தவர் அகஸ்டஸ் முதலானோர்தாம், மூன்று மாதம் ஆண்டு தெருவில் செத்தவர்களைக் காட்டி யார் அறிவுரை சொல்வார்? பிற்காலச் சேகரிப்பாளர்களுக்கும் முதல் பன்னிரண்டு சீசர்களே இலக்கு. 1923இல் தொடங்கிய ரோமப் பேரரசுக் காசுகளின் ஆங்கிலப் பட்டியல் வரிசையில் இக்காலத்தின் பெரும்பகுதிக்கான தொகுதிகள் பெர்சி வெப்பின் கையால் 1927இலும் 1933இலும் வந்தன. அதன் பிறகே காலியாகக் கிடந்த தட்டுகள் நிரம்பத் தொடங்கின. இன்றும் ஐரோப்பியச் சந்தையில் நல்ல ஓட்டலில் ஒரு வேளைச் சாப்பாட்டு விலைக்குக் கால் பேரரசன் டெட்ரிகஸ் ஒருவன் கிடைப்பான். நெருக்கடி கோடிக்கணக்கில் காசடித்தது என்பதே காரணம்.

மலிவாயினும் அரிய பேர்கள் உண்டு என்பதால் போலியும் உண்டு. ஜெர்மனியின் ஆஃபன்பாக் நகரில் வாழ்ந்த கார்ல் வில்ஹெல்ம் பெக்கர் (1772–1830) புதுக்காசுகளை இரும்புத்தூள் பெட்டியில் போட்டு வண்டியின் அச்சில் கட்டிவைத்துச் சவாரி போவாராம். மேடுபள்ளத்தில் குலுங்கிக் குலுங்கிக் காசுக்கு வயதேறும். பெக்கர் வெட்டிய அச்சுகளை இன்று பெர்லின் அருங்காட்சியகம் காத்துவைத்திருக்கிறது. போலியின் அச்சையும் சேகரிக்க ஆள் வந்துவிட்டது!

ஒரு காசு அசலா போலியா என்பதைக் காசை மட்டும் பார்த்துத் தீர்க்க முடியாத சமயங்கள் வரும். 1900இல் பிரான்சின் நான்ட் நகர் அருகே லே கிளேயோன் என்னுமிடத்துப் புதையலில் டொமிஷியானஸ் என்ற பெயருடன் ஒரு காசு வந்தது. கால் பேரரசில் அப்படி ஒருவன் ஆண்டதாக எந்த நூலும் சொல்லவில்லை. பெயரை மாற்றிச் செதுக்கிய போலி என்று தள்ளிவிட்டார்கள். நூறாண்டு கடந்து, 2003இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டுஷயரில் சால்குரோவ் ஊரில் ஒரு பானை வெளிப்பட்டது. உள்ளே பச்சைக் களிம்பேறி ஒட்டிக்கிடந்த 5,000 அளவிலான காசுகளைப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஒவ்வொன்றாகப் பிரித்தபோது, அதே டொமிஷியானஸ் தலைகாட்டினான். பிரெஞ்சுக் காசை அடித்த அதே அச்சு. பின்பக்கத்தில் பழைய பல்லவி, படைவீரர்களின் ஒற்றுமை. 271 வாக்கில் சில நாளோ சில வாரமோ ஆண்ட ஒருவன், ஆட்சிப் பட்டியலில் இடம்பெற்றது அந்தப் பானையால்தான். யாராவது அந்தக் காசை மட்டும் நடுவில் உருவி ஏலத்துக்கு அனுப்பியிருந்தால் இரண்டாவது போலி என்று பேசியிருப்பார்கள்.

பானை முக்கியம் என்பதற்கு இன்னொரு சான்று சாமர்செட்டின் ஃப்ரோம் புதையல். 2010இல் உலோகங்காட்டிக் கருவியோடு வயலில் நடந்தவர் பானையின் வாயைக் கண்டதும் கையை எடுத்துவிட்டுத் தொல்லியலாரை அழைத்தார். உள்ளே 52,503 காசுகள், எடை 160 கிலோ. அடுக்கடுக்காகப் பிரித்து எடுத்ததில், கடைசியாக அச்சான, பிரிட்டனின் போட்டிப் பேரரசன் கரௌசியஸின் காசுகள் மேலே இல்லை, பெரும்பகுதி கீழ்ப்பாதியில் கிடந்தன. அப்படியானால் ஒருவன் ஆண்டாண்டாகப் போட்டுச் சேர்த்த உண்டியல் அல்ல, ஒரே சமயத்தில் கொட்டி நிரப்பியது. அவ்வளவு எடையைத் தூக்கினால் அந்த மெல்லிய பானை உடைந்துவிடும். எனவே முதலில் குழியில் பானையை வைத்துப் பிறகு நிரப்பியிருக்கிறார்கள். பயந்து புதைத்ததா, தெய்வத்துக்குப் படைத்ததா என்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். நெருக்கடிக் காலம் என்றாலே ஓடுகிறவன் புதைத்த பணம் என்று நினைக்கும் பழக்கத்தை இந்தப் பானை அசைத்துவிட்டது. பிரிட்டனின் 1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மதிப்பிட்டு, 3,20,250 பவுண்டுக்குச் சாமர்செட் அருங்காட்சியகம் அதை வாங்கியது.

பானை இல்லாதவனின் கதி ஸ்பான்சியன் கதி. 1713இல் திரான்சில்வேனியாவில் கிடைத்ததாகச் சொல்லப்படும் சில பொற்காசுகளில் அவன் பெயர் இருக்கிறது. பழைய நூல்களில் இல்லை. காசின் பின்பக்கம் குடியரசுக் காலத்து டெனாரியஸ் ஒன்றைப் பார்த்துச் செய்தது, செய்ததும் அச்சால் அறைந்தல்ல, வார்ப்பில் ஊற்றி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் ஆன்ரி கோஅன் அவற்றை அப்பட்டமான போலி என்றார். 2022இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் பால் பியர்சன் குழு, கிளாஸ்கோ ஹன்டேரியன் அருங்காட்சியகத்திலுள்ள காசை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, தேய்மானமும் படிந்த மண்ணும் பழமையைக் காட்டுகின்றன, இது அசல் என்றது. நாணயவியலார் பலர் ஏற்கவில்லை. எழுத்துப் பிழைகளும் செய்முறையும் எந்த மூன்றாம் நூற்றாண்டு அக்கசாலையோடும் ஒட்டவில்லை என்பது அவர்கள் வாதம். அந்த வாதம்தான் வலுவாகத் தோன்றுகிறது. தேய்மானத்தை உண்டாக்கலாம் என்பதற்குப் பெக்கரின் வண்டி இருக்கிறதே.

இவ்வளவு சொன்னபிறகு, சந்தையில் கைக்கு வரும் காசைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1990களிலிருந்து பால்கன் நாடுகளில், குறிப்பாகப் பல்கேரியாவில், உலோகங்காட்டியோடு திரியும் திருட்டுக் கூட்டங்கள் புதையல்களைத் தோண்டி, மண்ணோடு கிலோ கணக்கில் மேற்கே அனுப்பின. சுத்தம் செய்யாத ரோமக் காசு என்று பையில் போட்டு விற்பதில் பெரும்பங்கு அப்படி வந்தது. அதில் ஒரு மாரியஸ் இருக்கலாம், இன்னொரு டொமிஷியானஸ்கூட இருந்திருக்கலாம். எந்தப் பானை, எந்த அடுக்கு, பக்கத்தில் எந்தக் காசு என்பதெல்லாம் போனது போனதுதான். இந்தியாவில் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் எதுவானாலும் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்குபவர் விற்பவரிடம் மாற்றையும் அச்சையும் கேட்பதற்கு முன், காசு எந்தப் பழைய சேகரிப்பிலிருந்து வந்தது, எந்த ஏலப் பட்டியலில் படம் இருக்கிறது என்று கேட்கலாம். பதில் இல்லையென்றால் ஆக்சிரிங்கஸ் கடைக்காரர்கள் செய்ததைச் செய்யலாம். இங்கே எந்த அதிகாரியும் கட்டாயப்படுத்தப் போவதில்லை.